வலது காதுக்கு மேலே ஒரு பள்ளம்

பிரசவ வார்டில் அவளை எல்லாரும் மூச்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வலியில் துடிக்கிற பெண்ணின் காதோரம் குனிந்து, "மூச்சு விடு, மூச்சு விடும்மா, அடக்காத" என்று இருபத்தேழு வருஷமாகச் சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்ட பேர். டாக்டர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளுடைய சொந்தப் பேர் சம்பளம் போடுகிற குமாஸ்தாவுக்கு மட்டும்தான் தெரியும் என்று ஆயாக்கள் கேலி பேசுவார்கள். வயது ஐம்பத்துமூன்று. இரண்டு முட்டியும் போய்விட்டன. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொண்டுதான் ஏற வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்கு வேலையே கிடையாது. ஒரு நர்ஸுக்குக் காய்ச்சல், இன்னொருத்தி தன் பிரசவத்துக்கே லீவில் போயிருந்தாள். "நீங்க மட்டும் வந்துட்டா போதும் மூச்சக்கா" என்று போன் வந்தது. போன வாரமும் இதையேதான் சொன்னார்கள். வந்தாள்.

லேபர் ரூமில் மூன்றாவது கட்டிலில் இருந்தவள் செருப்புக் கடையில் வேலை செய்கிற பெண். தலைப் பிரசவம். பதினான்கு மணி நேரமாக வலி. சத்தம் போடவும் தெம்பில்லாமல், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூரையையே பார்த்துக் கிடந்தாள். டாக்டர் வந்து பார்த்தார். குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருந்தது, தலை மெதுவாக ஆனாலும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. "தானா வரும், விடுங்க" என்றார். பதினொன்று பத்துக்குத் தானாகவே வந்தது. ஆயுதம் வைக்கவில்லை, தலையை உறிஞ்சி இழுக்கிற கப்பு வைக்கவில்லை, வயிற்றை அமுக்கவில்லை. மூச்சக்கா கையை நீட்டி வாங்கிக்கொண்டதோடு சரி.

பெண் குழந்தை. வந்ததும் வீறிட்டு அழுதது. அப்பாடா என்று இருந்தது மூச்சக்காவுக்கு. துணியால் தலையைத் துடைக்கும்போதுதான் கட்டைவிரல் ஒரு இடத்தில் உள்ளே போயிற்று.

வலது காதுக்கு மேலே, இரண்டு விரல் தள்ளி. பிளாஸ்டிக் பந்தை யாரோ ஒரு விரலால் அழுத்திவிட்டுப் போன மாதிரி ஒரு பள்ளம். ஒரு ஸ்பூன் தண்ணீர் நிற்கும். மேலே தோலில் கீறல் இல்லை, கன்றிப்போகவில்லை. குழந்தை பாட்டுக்குக் கையைக் காலை உதைத்து அழுதுகொண்டிருந்தது.

இந்த மாதிரிப் பள்ளத்தை அவள் மூன்று முறை பார்த்திருக்கிறாள். என்னவென்று தெரியும். குழந்தைகள் டாக்டரை உடனே வரச் சொன்னாள். அவர் தடவிப் பார்த்தார், கண்ணில் வெளிச்சம் அடித்தார், கை கால் அசைவைப் பார்த்தார், ஸ்கேனுக்கு அனுப்பினார். உள்ளே ரத்தக் கசிவு இல்லை. எலும்பு உடையவில்லை, உள்ளே வளைந்திருக்கிறது, அவ்வளவுதான். பச்சைக் குழந்தை எலும்பு, வளையும். சில நாள் பொறுத்துப் பார்க்கலாம், சிலதுக்குத் தானாகவே எழும்பும் என்றார். மூச்சக்கா பிரசவக் குறிப்பில் நேரத்தோடு எல்லாவற்றையும் எழுதினாள். 'கருவி எதுவும் பயன்படுத்தப்படவில்லை' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். அடிக்கோடு போட்டதும், எதற்குப் போட்டோம் என்று அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது.

சாயங்காலம் குடும்பம் பார்க்க வந்தது. குழந்தையின் அப்பா கார் பட்டறையில் டிங்கர் வேலை செய்கிறவர், இடிபட்ட கதவையும் பேனட்டையும் தட்டி நிமிர்த்துகிறவர். கையெல்லாம் பழைய தழும்பு. குழந்தையைத் தூக்கவே பயந்து, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். அவருக்கு ஒரு அக்கா. தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற, நாற்பதைத் தாண்டிய, ஒல்லியான மனுஷி. வந்ததும் குழந்தையின் குல்லாவைக் கழற்றினாள். கையை வைத்தாள். எடுக்கவில்லை.

"இது என்ன?"

மூச்சக்கா டாக்டர் சொன்னதைச் சொன்னாள்.

"அதெல்லாம் சரி. எப்படி ஆச்சு?"

"சில குழந்தைக்கு இப்படி ஆகறது உண்டும்மா."

"சில குழந்தைக்குன்னா? வானத்துலேருந்தா விழுந்துச்சு? யார் கை பட்டுச்சு?"

பதில் மூச்சக்காவின் நாக்கு நுனியில் இருந்தது. குழந்தை இறங்கி வரும் வழியில், தாயின் முதுகடியில், இடுப்புக்குள் துருத்திக்கொண்டு ஒரு எலும்பு இருக்கிறது. தலை அதன் மேல் ரொம்ப நேரம் அழுந்தினால் இப்படி ஆகும். யாரும் தொடவே வேண்டாம். ஆனால் கட்டிலில் கிடந்த பெண் தலையைத் திருப்பி, காய்ந்துபோன உதட்டோடு, "நான் முக்கினதுலயா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும் மூச்சக்கா பதிலை விழுங்கிக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் பண்ணல," என்று முந்திக்கொண்டாள் நாத்தனார். "பண்ணினது இவங்க. நீ வாயத் திறக்காத, படு."

வியாழக்கிழமை புகார் வந்துவிட்டது. மூன்று பக்கம், அச்சடித்து, மேலே பிளாஸ்டிக் அட்டை போட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்து, ஐந்து பிரதி. ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளருக்கு ஒன்று, அவருக்கு மேலே இருக்கிறவர்களுக்கு மற்றது. 'பிரசவம் பார்த்த செவிலியரின் கவனக்குறைவால் அல்லது மறைக்கப்பட்ட கருவியால்' என்று இருந்தது. கண்காணிப்பாளர் அதைத் தராசில் போடுகிற மாதிரிக் கையில் ஏற்றி இறக்கிப் பார்த்தார். "நம்ம ஆஸ்பத்திரி ஆண்டறிக்கைகூட இவ்வளவு நல்லா இருந்ததில்ல" என்றார். பிறகு சிரிக்காமல், "புதன்கிழமை விசாரணை. அதுக்குள்ள எழுத்துல பதில் எழுதி வச்சிடுங்க மூச்சக்கா" என்றார்.

வீட்டில் அவள் கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். புகாரை முழுக்கப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல என்ன இருக்கு? நடந்தத நடந்தபடி எழுது. குறிப்பு இருக்கு, டாக்டர் இருக்காரு."

"எழுதினா அந்தப் பொண்ணு தலையில விழும்."

"உன் தலையில விழுந்தா பரவாயில்லையா?"

அவள் காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டாள். பல வருஷத்துக்கு முன், இதே மாதிரி ஒரு குழந்தை விஷயத்தில், கேட்ட கேள்விக்கு அவள் நேராகப் பதில் சொல்லியிருக்கிறாள். அம்மாவின் எலும்பு என்று. ஆறு மாதம் கழித்து அந்தப் பெண் தனியாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசிக்கு வந்தாள். 'உன் உடம்பே கோணல்'னு சொல்லி அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க சிஸ்டர் என்று, மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். மூச்சக்கா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. இப்போது நினைத்தால் கோபம்கூட வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. ஒரு குழந்தைக்கு ஒன்று என்றால் யாராவது ஒருத்தி வேண்டியிருக்கிறது. நர்ஸ், இல்லாவிட்டால் பெற்றவள்.

காகிதத்தை எடுத்து எழுத உட்கார்ந்தாள். 'தாயின் இடுப்பெலும்பின் அழுத்தத்தால்' என்று எழுதி அடித்தாள். 'இயற்கையான அழுத்தத்தால்' என்று எழுதினாள், அதையும் அடித்தாள். மூன்றாவது காகிதத்தில் தேதியை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். கணவர் பேனாவை விரலிலிருந்து உருவி மூடி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வேலைக்குப் போவதற்கு முன்னால், நேராகத் தாய்மார் வார்டுக்குப் போனாள். செருப்புக் கடைப் பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளம் அப்படியேதான் இருந்தது. டிங்கர் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். நாத்தனார் கடையைத் திறக்கப் போயிருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. வேற யார்கிட்டயும் சொல்றதுக்கு முன்னாடி உனக்குத் தெரியணும்."

அந்தப் பெண் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். மூச்சக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு கையை மடக்கி முஷ்டியாக்கி, இன்னொரு கையைக் குவித்து அதன் மேல் இறக்கிக் காட்டினாள்.

"வீட்டுக்குள்ள பீரோ கொண்டுவந்திருக்கியா? வாசலும் சரியா இருக்கும், பீரோவும் சரியா இருக்கும். திருப்பற கோணத்துல நிலை இடிச்சுடும். அந்த மாதிரி. முதுகடியில ஒரு எலும்பு இருக்கு, எல்லாப் பொம்பளைக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. புள்ள தலை அதுமேல சாஞ்சபடி ரொம்ப நேரம் நின்னுடுச்சு. நீ முக்கினதால இல்ல. முக்காம இருந்திருந்தாலும் இதான்."

"அப்ப என் எலும்புதான்."

"உன் எலும்புதான். அதுக்கு நீ என்ன பண்ணுவ?"

அவள் குழந்தையின் குல்லாவைப் பள்ளத்தின் மேல் இழுத்துவிட்டாள். ஆரஞ்சுத் தோலைக் கையில் வைத்தபடி டிங்கர்தான் பேசினார்.

"நான் ரெண்டாம் நாளே பாத்துட்டேன் சிஸ்டர்."

"எத?"

"ஒடுக்கு விழுந்த இடத்துல பெயிண்ட் போகல." சொன்ன பிறகு வெட்கப்பட்டார். "தோலச் சொல்றேன். எங்க வேலையில, கம்பி பட்டா, கல்லு பட்டா, ஒரு கீறலாவது இருக்கும். இதுல ஒண்ணுமே இல்ல. வழவழன்னு ஏதோ மேல சாஞ்சு அமுங்கியிருக்குன்னு தெரிஞ்சுது. அக்காகிட்ட சொன்னா அடிக்க வருவா. அதான் சும்மா இருந்தேன்."

"எங்கிட்டயாவது சொல்றதுக்கென்ன?" என்றாள் மனைவி.

"நீ அழுவ."

"நான் இப்ப அஞ்சு நாளா அழாமலா இருக்கேன்?"

ஆனால் அப்போது அவள் அழவில்லை. அவளுக்கு லேசாகச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்ததில் தையல் வலித்து முகம் கோணியது. மூச்சக்காவைப் பார்த்துச் சொன்னாள்: "எழுதுங்க சிஸ்டர். உண்மைய எழுதுங்க. இனிமே எனக்கு அடுத்தது ஒண்ணு பொறந்தா, பாக்கறவங்களுக்கும் தெரியணுமில்ல?"

அந்த யோசனை தனக்குத் தோன்றவில்லையே என்று மூச்சக்காவுக்கு இருந்தது. ஐந்து நாளாக இவளைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து மாய்ந்துகொண்டிருந்தாள்.

அன்று மத்தியானமே குழந்தைகள் டாக்டர், தலை அறுவை செய்கிற டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பள்ளம் தானாக எழும்புகிற வழியாகத் தெரியவில்லை, கத்தி வேண்டாம், உறிஞ்சு கப்பு வைத்து மெல்ல இழுத்தால் வந்துவிடும், நாளைக் காலை செய்யலாம் என்று இருவரும் சொன்னார்கள். சாப்பாட்டுக் கூடையோடு வந்து நின்ற நாத்தனாரின் காதில் கப்பு என்ற வார்த்தை விழுந்தது. கூடையைத் தரையில் வைத்தாள்.

"கப்பு வேண்டாம்."

"அம்மா, இது வேற–"

"கப்பு எங்க வீட்டுப் புள்ள தலையில படக் கூடாது. வேற எது வேணாலும் பண்ணுங்க."

குரல் உயரவில்லை. டாக்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூச்சக்கா அவள் முழங்கையைப் பிடித்து, "வாங்க" என்று மாடிப்படி வளைவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஜன்னல் பக்கம் இரண்டு பேர் நிற்க இடம் உண்டு. கீழே ஆம்புலன்ஸ் டிரைவர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"காலையில அவகிட்ட எலும்பு கிலும்புன்னு சொன்னீங்களாமே," என்று ஆரம்பித்தாள் நாத்தனார். "உங்க வேலையக் காப்பாத்திக்க ஒரு பச்சை உடம்புக்காரி மேல போடறீங்க. நல்லா இருக்கு."

மூச்சக்காவுக்கு முட்டி விண்விண் என்று தெறித்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் போடலைம்மா. போடுவாங்கன்னு பயந்துதான் அஞ்சு நாளா வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

"நானும் அதுக்குத்தான் எழுதினேன்," என்றாள் நாத்தனார்.

மூச்சக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"நர்ஸு பண்ணிட்டான்னு எழுதிட்டா பெத்தவ மேல யாரும் பேச மாட்டாங்க. ஆஸ்பத்திரி மேல போட்டா ஆஸ்பத்திரி தாங்கும். நீங்க கவர்மெண்டு. உங்களுக்கு ஒரு மெமோ குடுப்பாங்க, கிழிச்சுப் போட்டுட்டு அடுத்த பிரசவம் பாக்கப் போவீங்க. அவ எங்க போவா?" ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணு பொறந்துச்சு. பத்தொன்பது வருஷம் ஆச்சு. பையன். வேற ஊரு, வேற ஆஸ்பத்திரி. கப்பு வச்சு இழுத்தாங்க. வழுக்கிடுச்சு, மறுபடி வச்சாங்க. மறுபடி. ரெண்டு நாள் இருந்தான். என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் சொல்லல. வீட்டுக்கு வந்தா, நான் சரியா முக்கலையாம், காலை ஒடுக்கி நசுக்கிட்டேனாம். என் மாமியார் சாகற வரைக்கும் சொன்னாங்க. இவ நல்ல பொண்ணு சிஸ்டர். வாயே பேசாது. இவளால தாங்க முடியாது."

தாங்க முடியுமா முடியாதா என்று அவளையே கேட்டுவிடலாம் என்றாள் மூச்சக்கா.

கேட்டார்கள். வாயே பேசாத அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, கப்பு எவ்வளவு நேரம் வைப்பீர்கள், எத்தனை முறை இழுப்பீர்கள், வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று மூன்று கேள்வி கேட்டாள். இரண்டு முறைக்கு மேல் இழுக்க மாட்டோம், பிறகு ஸ்கேன் எடுத்து ரத்தம் கசியவில்லை என்று உறுதி செய்வோம், ஒரு நாள் முழுக்க மணிக்கொரு தரம் தலையை அளப்போம் என்றார் டாக்டர். அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். "பண்ணுங்க," என்றாள். பிறகு, "அண்ணி, நீங்க வெளிய இருங்க. நீங்க பாக்க வேண்டாம்" என்றாள்.

திங்கட்கிழமை காலை அது நடந்தபோது மூச்சக்கா குழந்தையின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். மெத்தென்ற சின்னக் கப்பு, பள்ளத்தின் மேல் உட்கார்ந்தது. காற்றை மெல்ல மெல்ல இழுத்தார் டாக்டர். முதல் முறை ஒன்றும் ஆகவில்லை. குழந்தை கத்திய கத்தலில் மூச்சக்காவின் காது அடைத்தது. இரண்டாவது முறை 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம், அவள் உள்ளங்கையில் தட்டிய மாதிரி. கப்பை எடுத்தார்கள். அங்கே ஒரு சிவந்த வட்டம் இருந்தது. பள்ளம் இல்லை.

வெளியே பெஞ்சில் டிங்கரும் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். மூச்சக்கா சொன்னதும் டிங்கர் எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் கைகூப்பினார். அவர் அக்கா, "ஸ்கேன் வரட்டும்" என்றாள். ஸ்கேன் வந்தது, நன்றாக இருந்தது. "நாளைக்குக் காலை வரைக்கும் அளக்கணும்னு சொன்னீங்க," என்றாள். மறுநாள் காலை வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். டேப்பை எடுத்துக்கொண்டு நர்ஸ் வரும்போதெல்லாம் எழுந்து நின்று அளவைக் கேட்டு, பழைய பில் ஒன்றின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். அளவு மாறவில்லை.

புதன்கிழமை விசாரணை. கண்காணிப்பாளர் அறையில் ஒரு மேஜை, நான்கு நாற்காலி, சுற்றாத ஒரு மின்விசிறி. மூச்சக்கா தன் பதிலை நீட்டினாள். கடைசியில் ஒரே பக்கம்தான் வந்திருந்தது. கண்காணிப்பாளர் அதைப் படித்துவிட்டு நாத்தனாரைப் பார்த்தார்.

"இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?"

"புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ஒண்ணு வேணும். வீட்டுக்குப் போறப்ப குடுக்கற சீட்டுல, தாய் மேல எந்தக் குறையும் இல்லன்னு எழுதித் தரணும்."

கண்காணிப்பாளர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அம்மா, அதுக்கெல்லாம் அந்தச் சீட்டுல இடம் கிடையாது. நோய், சிகிச்சை, மருந்து. ஃபாரத்துல அவ்வளவுதான்."

"அப்ப வாபஸ் இல்ல."

"அது மருத்துவ விஷயமே இல்லையே!"

"உங்களுக்கு இல்ல. எங்க தெருவுல அதான் மருத்துவ விஷயம்."

அவர் பெருமூச்சு விட்டார். அவருக்கும் ஐம்பத்தெட்டு வயது, ரிட்டயர் ஆக எட்டு மாதம் இருந்தது, அன்றைக்கு மட்டும் இன்னும் மூன்று விசாரணை. மூச்சக்கா கையை நீட்டி, மேஜை மேல் ஃபைலோடு இருந்த அந்தச் சீட்டை இழுத்துக்கொண்டாள். அடியில் 'பிற குறிப்புகள்' என்று இரண்டு விரல் அகலத்துக்கு இடம் இருந்தது. எழுதினாள்: 'பிரசவத்தின்போது இயல்பாக ஏற்பட்ட பள்ளம். தாயின் செயலாலோ உடல் குறையாலோ ஏற்பட்டதல்ல. அடுத்த பிரசவத்தின்போது இந்தச் சீட்டைக் காட்டவும்.' எழுதிக் கையெழுத்துப் போட்டு, கண்காணிப்பாளர் பக்கம் தள்ளினாள். அவர் படித்தார். பேனாவைத் திறந்து 'உடல் குறையாலோ' என்ற இடத்தில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினார். சீல் குத்தினார்.

மூச்சக்காவுக்கு வந்த கடிதத்தில் 'குற்றம் நிரூபிக்கப்படவில்லை; இனி கவனமாகச் செயல்படவும்' என்று இருந்தது. எதில் கவனம் என்று இல்லை. அவள் அதை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மணி மூன்று. வேலை முடிந்துவிட்டது, நாளைக்கு லீவு, நிஜமாகவே லீவு. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்று இருந்தது. வாசல் மரத்தடி சிமெண்டுப் பெஞ்சில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி ஆட்டோ கூப்பிடப் போயிருக்கான்," என்றாள். பிறகு, "ஒரு நிமிஷம் உக்காருங்களேன்" என்றாள்.

மூச்சக்கா உட்கார்ந்தாள். முட்டி மடங்க மறுத்துக் காலை நீட்டிக்கொண்டாள்.

"என் பையன் ஃபைல எங்கயாவது பாக்க முடியுமா?"

"பத்தொன்பது வருஷத்து ஃபைலு இருக்காதும்மா. அழிச்சிருப்பாங்க."

"அதான் நெனச்சேன்." மூச்சக்காவின் பக்கம் திரும்பினாள். "நான் சொன்னா உங்களால சொல்ல முடியுமா? என்ன ஆச்சுன்னு?"

முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். பார்க்காத குழந்தை, இல்லாத ஃபைல். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். "சொல்லுங்க," என்றாள் மூச்சக்கா.

நாத்தனார் சொன்னாள். எதையும் மறக்கவில்லை. பிறந்தபோது அழுதான். அரை நாள் கழித்துத் தலை முழுக்க மெத்துமெத்தென்று வீங்கியது, கை வைத்தால் தண்ணீர்ப் பை மாதிரி அசைந்தது. காது இரண்டும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. வெள்ளைக் காகிதம் மாதிரி வெளுத்தான். பால் குடிக்கவில்லை. மூச்சு வேகமாக வாங்கியது. நர்ஸிடம் சொன்னதற்கு, கப்பு வைத்தால் வீங்கத்தான் செய்யும், இறங்கிவிடும் என்றாள். இரண்டாம் நாள் மத்தியானம் போய்விட்டான்.

மூச்சக்காவுக்குக் காது என்ற இடத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் முடிக்க விட்டாள்.

"மண்டைத் தோலுக்கும் எலும்புக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு," என்றாள். "கப்ப பல தடவ இழுத்தா அங்க ரத்தக் குழாய் அறுந்துடும். வெளிய ஒண்ணும் தெரியாது. புள்ள உடம்புல இருக்கற ரத்தமெல்லாம் அங்க போய்ச் சேந்துடும். நீங்க சொல்றதப் பாத்தா அதுவாத்தான் இருக்கணும். நான் பாக்கல, சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது."

"பாத்திருந்தா காப்பாத்தியிருக்கலாமா?"

அலுப்பில் கண் சொருகியது. 'எல்லாம் விதி' என்று சொல்லலாம். வழக்கமாகச் சொல்கிறதுதான். அவளே நூறு பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

"சீக்கிரம் பாத்து ரத்தம் ஏத்தியிருந்தா, சில புள்ள பொழைக்கும். சிலது பொழைக்காது. உங்க பையன் எந்தப் பக்கம்னு என்னால சொல்ல முடியாது. ஆனா நீங்க சொன்னப்ப அவங்க வந்து பாத்திருக்கணும். தலைய அளந்திருக்கணும். நீங்க முக்கினதுக்கும் காலை ஒடுக்கினதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

நாத்தனார் தலையாட்டினாள். கண்ணைத் துடைக்கவில்லை, துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. "நான் சொன்னேன் அவங்ககிட்ட," என்றாள். "மூணு தடவ சொன்னேன்."

"சரியாத்தான் சொல்லியிருக்கீங்க."

கேட்டுக்கு வெளியே ஆட்டோ வந்து நின்றது. செருப்புக் கடைப் பெண் குழந்தையோடு மெல்ல நடந்து வந்தாள், டிங்கர் இரண்டு தோளிலும் பை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார். நாத்தனார் எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு, அவர்களை நோக்கிப் போனாள். குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு முதலில் ஏறி உட்கார்ந்தாள். ஆட்டோ கிளம்பும்போது திரும்பிப் பார்த்தாளா என்பதை மூச்சக்கா கவனிக்கவில்லை. அவளுடைய பஸ் அப்போதுதான் அவளை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அடுத்தது நாற்பது நிமிஷம் கழித்து. அவள் பெஞ்சிலேயே செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கி வைத்து, மரத்தில் சாய்ந்து கண்ணை மூடினாள். தூங்கிப்போய் அந்த பஸ்ஸையும் விட்டுவிட்டாள்.